டெல்டா ஜி-யையும் செறிவுக் கணக்கையும் ஒன்றாகப் படித்தபோது

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு வேதியியல் படிக்கிறவர்கள் கையில் சுற்றும் ஜெராக்ஸ் நோட்ஸ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. சமநிலை ஓர் அலகு, வெப்ப இயக்கவியல் வேறோர் அலகு. செறிவு கண்டுபிடிக்கும் கணக்குகளைப் போட்டு முடித்துவிட்டு, வினை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் கட்டிலா ஆற்றல் மாற்றத்தை, அதாவது டெல்டா ஜி-யை, தனியாக மனப்பாடம் செய்கிறோம். குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே படித்த எனக்கு, இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் போட ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பகுதி வசப்பட்டது.

ரொம்ப நாளாக ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. டெல்டா ஜி நாட் (அட்டவணையில் தரும் திட்ட நிலை டெல்டா ஜி) நேர்குறி என்றால் வினை நடக்காது என்று நோட்ஸில் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். வேலூரில் பி.எஸ்சி. படிக்கும்போது ஆய்வகத்தில் நான் பார்த்தது வேறு. தாமிரத் துருவலில் அடர் நைட்ரிக் அமிலம் விட்டால் வரும் பழுப்பு வாயுவை ஒரு குழாயில் பிடித்து மூடியிருந்தார்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் வெளுக்கும். வெந்நீரில் வைத்தால் கண்ணெதிரே பழுப்பேறும். நிறமில்லாத டைநைட்ரஜன் டெட்ராக்சைடு ஒன்று பிரிந்து, பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு இரண்டாகிறது. 25 டிகிரியில் இந்தப் பிரிகைக்கு டெல்டா ஜி நாட் +4.7 கிலோஜூல். நேர்குறிதான், ஆனாலும் வாயு பிரியத்தான் செய்கிறது.

இந்தச் சந்தேகத்தோடு காட்பாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் போனேன். "குறியை அப்புறம் பார்த்துக்கலாம்மா. இப்போ குழாய்க்குள்ள எது எவ்வளவு இருக்கு, அதைச் சொல்லு முதல்ல" என்றார். முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. டெல்டா ஜி நாட் என்பது இரண்டு வாயுவும் ஆளுக்கு 1 பார் அழுத்தத்தில் இருக்கும் கலவைக்கான எண். என் குழாயில் இப்போது இருக்கும் கலவைக்கு உரியது நாட் போடாத டெல்டா ஜி. அதற்கு, நாட் மதிப்போடு ஆர்.டி. பெருக்கல் வினைக் குணகத்தின் இயல் மடக்கையைக் கூட்ட வேண்டும். வினைக் குணகம் என்பது இங்கே, டைஆக்சைடு அழுத்தத்தின் வர்க்கத்தை டெட்ராக்சைடு அழுத்தத்தால் வகுத்தால் வருவது. ஆர் என்ற வாயு மாறிலி 8.314 ஜூல், டி கெல்வினில் வெப்பநிலை என்பதால் 25 டிகிரியில் ஆர்.டி. 2.479 கிலோஜூல். இதை முதலிலேயே கிலோஜூலாக்கி எழுதிவிடுவது நல்லது. ஜூலும் கிலோஜூலும் ஒரே வரியில் கலந்தால் கணக்கே போய்விடும்.

சரி, கணக்குக்கு வருவோம். சமநிலையில் டெல்டா ஜி பூஜ்யம். அதனால் +4.7-லிருந்து, அப்போதைய வினைக் குணகமான சமநிலை மாறிலி 0.15 என்று வரும். குழாயில் டெட்ராக்சைடு மட்டும் 1 பார் எடுத்துக்கொள்கிறோம். அதில் எக்ஸ் அளவு பிரிந்தால், மீதி 1 கழித்தல் எக்ஸ், டைஆக்சைடு 2 எக்ஸ். 4 எக்ஸ் வர்க்கத்தை 1 கழித்தல் எக்ஸால் வகுத்தால் 0.15 வர வேண்டும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் எக்ஸ் 0.176. அதாவது டெட்ராக்சைடு 0.824 பார், டைஆக்சைடு 0.352 பார். எக்ஸ் சிறியது என்று கீழே அதை விட்டுவிடும் குறுக்குவழி இங்கே 0.194 தரும், பத்து சதவீதம் தள்ளிப்போகிறது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் அதே குறுக்குவழி அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பிரிவது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. 5 சதவீதத்துக்கு மேல் போனால் இருபடிதான்.

பல பேர் இந்த இடத்தோடு பேனாவை வைத்துவிடுகிறார்கள். எனக்கு விஷயம் புரிந்ததோ இதற்கு அடுத்த வேலையில்தான்: ஒரே குழாயில், போகிற வழியில் மூன்று இடங்களில் டெல்டா ஜி-யைக் கணக்கிட்டேன். எக்ஸ் 0.10 ஆக இருக்கும்போது −3.0 கிலோஜூல், இன்னும் பிரியும். 0.176-இல் பூஜ்யம். 0.25-இல் +2.0, அதாவது திரும்பி வரும். இந்த மூன்று வரியையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் போதும், நோட்ஸில் இருந்த பெட்டி ஏன் தவறு என்று தெரிந்துவிடும். தொடக்கத்தில் டைஆக்சைடே இல்லை. வினைக் குணகம் பூஜ்யம், அதன் மடக்கை எதிர்ப்பக்கம் எல்லையில்லாமல் போகிறது. அதற்கு முன்னால் +4.7 எம்மாத்திரம்? கொஞ்சமாவது பிரிந்தே ஆக வேண்டும்.

அடுத்த சிக்கல் எங்கள் ஊர் வெயில். அட்டவணைகள் 25 டிகிரிக்கு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும், எந்த ஆய்வகமும் 25-இல் இருக்காது. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901-இல் வாங்கிய வான்ட் ஹாஃப் தந்த சமன்பாடு இதற்குத்தான். இந்தப் பிரிகையின் என்தால்பி, அதாவது அது உள்வாங்கும் வெப்பம், +57.2 கிலோஜூல். 42 டிகிரிக்குப் போட்டால் மாறிலி 0.15-லிருந்து 0.52-க்கு ஏறுகிறது. டெல்டா ஜி நாட் 1.7-க்கு இறங்குகிறது. மறுபடி 1 பாரில் தொடங்கினால் எக்ஸ் 0.30. பதினேழு டிகிரி ஏறியதற்கே பிரியும் பங்கு பதினெட்டிலிருந்து முப்பது சதவீதமாகிவிட்டது. வெந்நீரில் குழாய் ஏன் அப்படிக் கறுத்துப்போனது என்பதை எண்ணாகப் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி.

மாறிலி மிகப் பெரிதாக இருக்கும் கணக்குகளுக்கு வேறு வழி வேண்டும். வெள்ளி அயனி 0.01 மோலார், அம்மோனியா 1 மோலார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி அயனியோடு இரண்டு அம்மோனியா சேர்ந்து அணைவு என்ற கூட்டு அயனி உருவாவதற்கான மாறிலி 1.7×10⁷. வழக்கம்போல எக்ஸ் வைத்தால் 0.01-லிருந்து கிட்டத்தட்ட 0.01-ஐயே கழிக்க வேண்டிவரும். கால்குலேட்டரில் எல்லா இலக்கமும் அடிபட்டுப் போகும். அதனால் முதலில் வினை முழுக்க முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்: அணைவு 0.01, மீதி அம்மோனியா 0.98. அங்கிருந்து துளி பின்னால் வருவதுதான் எக்ஸ். தனியாக நிற்கும் வெள்ளி அயனி 6.1×10⁻¹⁰ மோலார். எக்ஸை எப்போதும் சிறிய பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அந்தப் பேராசிரியரும் சொல்வார்.

தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது. அதற்கு நான் கைவசம் வைத்திருந்தது 5.7 என்ற ஒரே எண். 25 டிகிரியில் சமநிலை மாறிலி பத்து மடங்கு ஏறும் ஒவ்வொரு முறையும் டெல்டா ஜி நாட் 5.7 கிலோஜூல் இறங்கும். இந்த வெள்ளி அணைவுக்குப் பத்தின் மடக்கை 7.2, ஏழு தரம் 5.7 என்றால் 40, அதோடு ஒன்று கூட்டினால் −41 கிலோஜூல். விடைத் தெரிவுகளில் −41, −4.1, +41 என்று கொடுத்துக் குழப்பினாலும் மனக்கணக்கிலேயே சரியானதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.