நூற்பாலையைச் சமூக நல மையமாக மாற்றிய அனுபவம்

மூடிக் கிடந்த பழைய நூற்பாலை ஒன்றில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு, குழந்தைகள் காப்பகம், மனநல ஆலோசனை மூன்றையும் கொண்டுவந்த குழுவில் நானும் இருந்தேன். இந்த வேலையில் இறங்குபவர்கள் வரைபடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கட்டடத்தைச் சோதிக்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ், பழைய பெயிண்டில் ஈயம், இயந்திரங்கள் நின்ற தரையில் ஊறிப்போன எண்ணெய் என ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. குழந்தைகள் தவழப்போகும் தரை அது. உரிமம் பெற்றவர்கள் வந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்றி முடிக்கும்வரை வேறு எந்த வேலையையும் நாங்கள் தொடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவை நன்கொடையாளர்களுக்குப் புரியவைப்பதே தனி உழைப்பு.

தளங்கள் வலுவாக இருந்தன. நூற்பு இயந்திரங்களையே தாங்கியவை அல்லவா! சிக்கல் வார்ப்பிரும்புத் தூண்களில் வந்தது. தீயில் சூடேறிய வார்ப்பிரும்பின்மீது தண்ணீரைப் பீய்ச்சினால் அது திடீரென விரிசல் விடக்கூடும். தூண்களை மூடச் சொன்னார் தீ பாதுகாப்பு அதிகாரி. மூடக்கூடாது என்றார் பாரம்பரியக் கட்டடங்களுக்கான அதிகாரி. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த பிறகே வழி பிறந்தது. வெப்பம் பட்டதும் நுரைத்துப் பெருகித் தூணைப் போர்த்திக்கொள்ளும் பூச்சை இருவரும் ஏற்றார்கள். தூணின் வடிவமும் மறையவில்லை.

சுவர்களில் பிற்காலத்தில் பூசியிருந்த சிமென்ட்டை உரித்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை அரித்துவிடும்; சுண்ணாம்பு அதை வெளியேற விடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் விவாதித்தது வாசலைப் பற்றித்தான். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை 1982-ல் மக்கள் மையமாகத் திறந்த கட்டடக் கலைஞர் லீனா போ பார்தி, அங்கே குடும்பங்கள் ஏற்கெனவே கூடிப் பொழுதுபோக்கியதைக் கண்டு கட்டடத்தை இடிக்காமல் வைத்துக்கொண்டார். மக்களைப் பார்த்தே முடிவெடுத்த அவரைப் போல, வாசல் எப்படி இருக்க வேண்டும் என்று நாங்களும் வரப்போகிறவர்களிடமே கேட்டோம். ஆலோசனைக்கு வருபவர்கள் தனி வாசலே வேண்டாம் என்றார்கள். அந்தக் கதவில் நுழைந்தாலே எதற்கு வந்தோம் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரே வாசல். படிகள் ஏறும் அலுவலக முகப்பை விட்டுவிட்டு, பஞ்சுப் பொதிகள் வண்டியோடு உள்ளே வந்த தரைமட்ட வாயிலைத் தேர்ந்தோம். சக்கர நாற்காலிக்குத் தனிச் சரிவுப்பாதை தேவைப்படவில்லை.

உள்ளே, உயரமான அந்தக் கூடத்தில் மெல்லப் பேசினாலும் குரல் எதிரொலித்தது. ஆலோசனைக்கு அது ஆகாது. பாரம்பரிய இடங்களைப் பாதுகாப்பதற்கான வழிகாட்டியாக ஆஸ்திரேலியாவில் 1979-ல் உருவான பர்ரா சாசனம், தேவைப்படும் அளவுக்கு மாற்றலாம், ஆனால் இயன்றவரை குறைவாக மாற்ற வேண்டும் என்கிறது. அதன்படி, பழைய சுவரையும் கூரையையும் தொடாமல், தம் கூரையோடு தனித்து நிற்கும் மர அறைகளை அமைத்து, உட்புறம் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பதித்தோம். பின்னர் காப்பகத்தில் சேர்க்கை கூடியபோது சில அறைகளைக் கழற்றி நகர்த்தினோம். பழைய செங்கல்லில் ஓர் ஆணிகூட அடிக்க நேரவில்லை.