காலை நாலு மணி லொறியும் அரைப் போத்தலும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைப் பற்றி யாரும் இரண்டு விதமாகப் பேசுவதில்லை, எல்லோரும் திட்டுவோம், சரிதான். நான் எழுத வந்தது அவனைப் பற்றி இல்லை. இரவு குடித்து, படுத்து, எழும்பி, குளித்து, நெற்றியில் திருநீறும் பூசி, பிளேன்டீ ஒன்றும் குடித்துவிட்டு, தான் நிதானமாகத்தான் இருக்கிறேன் என்று மனதார நம்பி ஸ்டியரிங்கில் கை வைக்கிற ஆளைப் பற்றி.

கொழும்பில் காலை ஆறு மணிக்கு முன்னால் ரோட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் டர்ன் பஸ், ஸ்கூல் வான், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர், பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி கொண்டு வருகிற லொறி. சொந்தக் கார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அந்நேரம் படுக்கையை விட்டே எழும்பியிருக்க மாட்டார்கள். அந்த ரோடு முழுக்கச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களின் ரோடு. ஆனால் என் கண்ணில் பட்டவரை பொலிஸ்காரர் குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் பலூனை நீட்டுவதெல்லாம் இரவில்தான், அதுவும் ஹோட்டல் பக்கங்களில், கல்யாண மண்டபப் பக்கங்களில்.

நான் நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், நெத்தலி என்று மலைநாட்டுக் கடைகளுக்குச் சரக்கு போகும். மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் இரவே ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுவார்கள், லொறி காலை நாலு மணிக்குக் கிளம்பினால்தான் அவிசாவளை நெரிசலுக்கு முன்னால் தப்பிப் போகலாம். கடை மேல்மாடியில் தங்குகிறவன் என்பதால் பில் கட்டை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

எங்கள் சாரதி ஒருவர், ஹட்டன் பக்கத்து ஆள், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மெலிந்த உடம்பு, நல்ல ஓட்டம், கினிகத்தேனை மலை வளைவுகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனால் நித்திரை கூட வரும். ஒருநாள் காலை பில்லில் கையெழுத்துப் போடும்போது பேனா கோட்டைத் தாண்டி மேலே ஏறிப் போனது. வாயில் ஏலக்காய் வாசம். ஏலக்காயை மென்றபடி யாரும் நாலு மணிக்கு வேலைக்கு வருவதில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றதும் அவரே சொன்னார்: "என்ன தம்பி பாக்குறீங்க? அது நேத்து ராத்திரி கதை. படுத்து எழும்பியாச்சு, வெறியெல்லாம் முறிஞ்சிருச்சு."

எவ்வளவு குடித்தார் என்று கேட்டேன். அரைப் போத்தல். எட்டு மணிக்குத் தொடங்கி பதினொரு மணிக்கு முடித்தாராம். நான் கணக்குப்பிள்ளை, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?

அரைப் போத்தல் என்றால் 375 மில்லிலீட்டர். நம் ஊர்ச் சாராயம் பெரும்பாலும் 33 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சுத்த மதுசாரமாக எடுத்தால் ஏறக்குறைய 100 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் இது முழுக்கக் கலந்தால், 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 200 மில்லிகிராம் அளவில் நிற்கும். ஈரல் அதை மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம்தான் இறக்கும். எட்டு மணியிலிருந்தே இறங்கத் தொடங்கியது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் காலை நாலு மணிக்கு 80 மிச்சம். எங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிற எல்லையும் அதே 80. அதாவது 70 கிலோ ஆள் நாலு மணிக்குச் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறார், எல்லாம் வடிந்து முடிய ஒன்பது மணி தாண்டும். எங்கள் அண்ணன் 55 கிலோ இருந்தால் பெரிய விஷயம். அவருக்கு அதே போத்தல் 255 வரை ஏற்றும், காலை ஆறு மணிக்கும் 105 இருக்கும். ஆறு மணிக்கு அவர் மலைப்பாதையில் இருப்பார்.

இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும், தினமும் குடிக்கிறவருக்குச் சற்று வேகமாகவே இறங்கலாம், சாப்பாட்டோடு குடித்தால் உச்சம் கொஞ்சம் குறையலாம். அதை வைத்து "எனக்கு ஒன்றும் செய்யாது" என்று வாதாட வருகிறவர்கள் உண்டு. ஒன்றும் செய்யாத மாதிரித் தெரிவதுதான் தொல்லையே, பழகிய உடம்பு ஆட்டத்தை மறைத்துவிடும், ஆனால் எதிரே சைக்கிள்காரன் திடீரென்று வெட்டும்போது பிரேக்கில் கால் போகிற நேரத்தை அந்தப் பழக்கம் குறைத்துத் தராது.

கோப்பி, தேசிக்காய்த் தண்ணீர், தலையில் பச்சைத் தண்ணீர், வாந்தி எடுத்தல், ஒரு பார்சல் கொத்துரொட்டி, எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. கோப்பி குடித்தால் கண் விழித்த வெறிகாரன் கிடைப்பான், அவ்வளவுதான். பியர்தானே என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் ஒன்று, 625 மில்லிலீட்டர், கால் போத்தல் சாராயத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இரண்டு அடித்தால் அரைப் போத்தலுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

நித்திரையும் கெடும். குடித்துப் படுத்தால் சட்டென்று தூக்கம் வரும், பின்னிரவில் உடைந்து உடைந்து போகும். அதனால் இரத்தத்தில் எல்லாம் வடிந்த பிறகும், தலை பாரமும் தூக்கக் கலக்கமுமாக இருக்கிற ஆள் நன்றாக ஓட்டுவதில்லை. அதைப் பிடிக்க எந்தப் பலூனும் கிடையாது.

சட்டம் பக்கம் பார்த்தால், பிடிபட்டால் குறைந்தது 25,000 ரூபாய் தண்டம், லைசன்ஸும் போகலாம். சரி, ஆனால் 80 என்பதே தாராளம். இந்தியாவில் எல்லை 30. அமெரிக்காவில் பஸ், பெரிய லொறி ஓட்டுகிறவருக்குச் சாதாரணச் சாரதிக்கு உள்ளதில் பாதி, 40. ஜப்பானில் 2011 முதல் போக்குவரத்துக் கம்பனிகள் சாரதி வேலைக்குக் கிளம்பும்போதே ஊதவைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பொலிஸ் ரோட்டில் மறிக்கும் வரை காத்திருப்பதில்லை, வண்டித் திறப்பைக் கொடுக்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் நாலு மணிக்கு அந்தத் திறப்பு தொங்குகிற ஆணி என் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

அன்றைக்கு முதலாளிக்குப் போன் எடுத்தேன். நித்திரையில் இருந்தவர் முதலில் என்னைத் திட்டினார், அப்புறம் யோசித்தார், கடைசியில் லொறி வேறொரு சாரதியோடு ஒன்பது மணிக்குத்தான் கிளம்பியது. அண்ணனுக்கு அன்றைய கூலி போயிற்று. இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் டீக்கடையில் அவராகவே கொட்டினார்: "முதல் நாள் பின்னேரம் கேட்டேன், நாளைக்கு லோட் இல்லன்னு சொன்னாங்க. இல்லன்னுதானே குடிச்சேன். பத்தரைக்குப் போன் அடிச்சு நாலு மணிக்கு வான்னா, குடிச்சிருக்கேன்னு சொல்லவா முடியும்? சொன்னா அடுத்த லோட் வேற ஆளுக்குத்தான் போகும் தம்பி."

கசப்பாக இருந்தாலும் அது உண்மை. ஓடர் எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது, முதலாளி உடனே சாரதியைக் கூப்பிடுகிறார், அந்நேரம் சாரதி எந்த நிலையில் இருப்பார் என்று கேட்கிற வழக்கமே எங்கள் தெருவில் இல்லை. நாட்கூலிக்காரன் வராவிட்டால் காசு இல்லை, முடியாது என்று சொன்னால் பெயர் கெடும். பௌர்ணமி லீவான போயா வந்தால் இன்னும் மோசம்: அன்று சாராயக் கடை பூட்டு என்று தெரிந்து முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடைத்தெருவும் லீவு, பகல் முழுக்க ஓய்வு, போத்தலும் கையில். மறுநாள் விடிய இரண்டு நாள் சரக்கு ஒன்றாகப் போகும். சாரதிக்கு ஒழுக்கம் இல்லை என்று இதற்கு மேலே இருந்து புத்தி சொல்கிறவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, ஆனாலும் 105 மில்லிகிராமோடு கினிகத்தேனை ஏறுவதை அந்த நியாயத்தால் மூடவும் முடியாது.

முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நாலு மணி லொறிக்கு யார் என்பதைப் பின்னேரம் ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு வருகிற ஓடர் மறுநாளைக்கு. "ஓடர் ராத்திரிதானே வருது, நான் என்னடா செய்றது?" என்றார். இப்போது ஹட்டன் லைனுக்கு மட்டும் ஐந்து மணிக் கணக்கு நடக்கிறது, கண்டி லைன் இன்னும் பழையபடிதான், அங்கே போட்டிக் கடைகள் அதிகம் என்று காரணம் சொல்கிறார். ஊதிப் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குவதைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை, தீபாவளிக்குப் பிறகு திரும்பக் கேட்பதாக இருக்கிறேன்.

அண்ணன் இப்போது பின்னேரம் நாலரைக்கே கணக்கு மேசைக்கு வந்து நின்றுவிடுகிறார். "தம்பி, நாளைக்கு இருக்கா, இல்லையா? இப்பவே சொல்லிருங்க." இல்லை என்றால் அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும், அவர் எந்தப் பக்கம் திரும்பி நடப்பார் என்பதும் எங்கள் தெருவுக்கே தெரியும்.