பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம்: பட்ட பாடும் கிடைத்த பலனும்

மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கினால் வலது கையும் காலும் தளர்வதோடு, பலருக்குப் பேச்சும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது. சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருக்கும், ஆனால் சொல் வந்து சேர நேரமாகும். எண்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். இந்த நிலையில், சென்னையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கடற்கரையைச் சீரமைக்கும் திட்டத்துக்காக ஒரு துறை நடத்திய கருத்துக் கேட்பில் ஒரே ஒரு கோரிக்கையைப் பதிவு செய்வதற்கு நான் பட்ட பாட்டை, இதே பாதையில் போகவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கோரிக்கை இதுதான்: மணற்பரப்புக்கு இறங்கும் சாய்தளத்துக்கு இருபுறமும் கைப்பிடி வேண்டும். கட்டட வரைவாளராக வேலை பார்த்தவன் என்பதால், பார்வைக்கு வைத்திருந்த வரைபடத்தில் கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே இருப்பது உடனே கண்ணில் பட்டது. சக்கர நாற்காலியை இன்னொருவர் தள்ளிச் செல்லும்போது இது பெரிதாகத் தெரியாது. ஒரு பக்கம் செயலிழந்து, மெல்ல நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கோ இதுவே எல்லாம். கடலை நோக்கி இறங்கும்போது இடது கைக்கு வாகாக இருக்கும் கைப்பிடி, திரும்பி ஏறும்போது வலது பக்கம் வந்துவிடும். அந்தக் கையால் எதையும் பற்ற முடியாது. களைத்துப்போய் மேட்டில் ஏறும் நேரத்தில்தான் பிடிமானம் இல்லாமல் போகிறது. போதாததற்குச் சாய்வும் செங்குத்தாக இருந்தது. 60 செ.மீ. உயரத்துக்கு 4.8 மீட்டர் நீளம் என்றால் எட்டுக்கு ஒன்று. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட, எல்லோரும் எளிதில் சென்றுவருவதற்கான அணுகல் வழிகாட்டுதல்கள் பன்னிரண்டுக்கு ஒன்று என்கின்றன, அதன்படி 7.2 மீட்டர் வேண்டும்.

கூட்டத்தில் பேசக் கூடுதல் நேரம் கேட்டுக் கடிதத்துடன் அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறதா என்பது. கேள்வியைக்கூட அவர் என்னிடம் கேட்கவில்லை, என் மனைவியிடம்தான் கேட்டார். "அவரையே கேளுங்க சார், கொஞ்சம் டைம் குடுத்தா அவரே சொல்லுவாரு" என்று மனைவி சொன்ன பிறகும் அவர் பார்வை என் பக்கம் திரும்பவில்லை. பொதுமக்களுக்கான கூட்டத்துக்கு அட்டை எதற்கு என்று வாதாடலாம். ஆனால் அட்டை கையில் இருந்தால் அந்த வாதமே தேவைப்படாது. எனவே அந்த அட்டைக்கு வேண்டிய மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றி இரண்டு செய்திகள். நரம்பியல் பாதிப்புகளை நோய் வந்து ஆறு மாதம் கழிந்த பிறகே மதிப்பிட வேண்டும் என்பது விதி. இதை யாரும் சொல்லாததால் நாங்கள் முன்னதாகவே போய், ஒரு காலைப் பொழுது முழுவதும் வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பினோம். இரண்டாவது, கை கால் இயக்கக் குறைபாட்டை மட்டும் பதிந்து அனுப்பிவிடுவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. பக்கவாதத்தால் வரும் நிரந்தரப் பேச்சிழப்பும் அதில் அடங்கும். அதையும் மதிப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பின்னர் பேச நேரம் கேட்கும்போது கைகொடுப்பது அந்த வரிதான்.

கடிதத்தை வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை தர எழுத்தர் மறுத்துவிட்டார். "கூட்டத்துலயே சொல்லிடுங்க, எல்லாம் பதிவாகும்" என்றார். அதே கடிதத்தை அன்றே தபாலில் ஒப்புகையோடு அனுப்பினோம். பிற்பாடு எல்லாம் நின்றது அந்த ஒரு தபால் ரசீதின் மேல்தான். கடிதத்தைக் கையில் கொடுத்தால் நகலில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். தர மறுத்தால் தபால் நிலையத்துக்குப் போங்கள்.

கூட்டம் முதல் மாடியில். மின்தூக்கி பழுது என்று வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கடற்கரைக்கு யார் எப்படிப் போய் வருவது என்று பேசவிருக்கும் இடத்துக்கே எங்களால் எளிதில் ஏற முடியவில்லை. நான்கு கால் ஊன்றுகோலை மனைவி வாங்கிக்கொள்ள, படிக்கட்டின் கைப்பிடியை இடது கையால் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். நல்ல காலை முதலில் வைத்து ஏற வேண்டும், இறங்கும்போது தளர்ந்த காலை முதலில் வைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பயிற்சி தந்த இயன்முறை சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தது அன்று கைகொடுத்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது பேசுவதற்கான டோக்கன் முடியும் தறுவாயில் இருந்தது. ஒருவருக்கு இரண்டு நிமிடம், பிறகு மணி. கூடுதல் நேரம் கேட்ட என் கடிதம் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு முன் பேசியவர்களில் பெரும்பாலானோர் மீனவக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். படகு ஏற்றும் இடமும் வலை காய வைக்கும் இடமும் வரைபடத்தில் நடைபாதையாகவும் புல்வெளியாகவும் மாறியிருப்பதை அவர்கள் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார்கள். என் முறை வந்தது. "கைப்பிடி" என்ற சொல் வருவதற்கே நேரம் பிடித்தது. பன்னிரண்டுக்கு ஒன்று என்று சொல்ல வாய் திறந்தால் "இருபது" என்று வந்தது. அப்படி ஆகும் என்று தெரிந்தே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த அட்டையை உயர்த்திக் காட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்து டோக்கன் வைத்திருந்த மீன் விற்கும் அம்மா எழுந்து, "அவரு முடிக்கட்டும் சார், என் நேரத்தையும் அவருக்கே குடுங்க" என்றார். அரங்கில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர் தந்த அந்த நேரத்தில்தான் வலது பக்கம், இடது பக்கம், இறங்குவது, ஏறுவது என்று சைகையோடு சொல்லி முடித்தேன். அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

சில வாரம் கழித்து வெளியான நடவடிக்கைக் குறிப்பில் என் பேச்சு ஒரு வரியாக இருந்தது: "மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் வேண்டும் என ஒருவர் கோரினார்." சாய்தளம்தான் வரைபடத்திலேயே இருக்கிறதே! கோரிக்கை ஏற்கப்பட்டது என்று பக்கத்திலேயே குறித்துக் கோப்பை மூடிவிட இதைவிட வசதியான வரி கிடையாது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் பொது விசாரணை என்றால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, வட்டார மொழியில் திட்டச் சுருக்கம், காணொளிப் பதிவு எல்லாம் கட்டாயம். மக்கள் சொன்னவற்றைக் கூட்ட முடிவில் வட்டார மொழியில் வாசித்துக் காட்டவும் வேண்டும். ஒரு துறை தானாக முன்வந்து நடத்தும் கருத்துக் கேட்புக்கு இந்தப் பாதுகாப்புகள் கிடையாது. நாங்கள் போனது இரண்டாவது வகை, திட்டச் சுருக்கம்கூட ஆங்கிலத்தில்தான் இருந்தது. அழைப்பு வந்தவுடன் எந்தச் சட்டத்தின் கீழ் கூட்டம் நடக்கிறது என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, என் கடிதம் எந்தக் கோப்பில் உள்ளது, அதன் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டேன். சாய்தளத்தைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பது இரண்டாவது கேள்வி. "கோரிக்கை என்ன ஆனது" என்று பொதுவாகக் கேட்காமல் கோப்புக் குறிப்பின் நகலைக் கேட்டது பலன் தந்தது. கூடவே, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் திருத்தும்படி தனிக் கடிதமும் அனுப்பினேன். அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை அதில் எடுத்துக்காட்டினேன். 30 நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. என் கடிதம் முழுவதும் நடவடிக்கைக் குறிப்பின் இணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. திருத்திய வரைபடத்தில் சாய்தளத்தின் இருபுறமும் கைப்பிடி, நீளம் 7.2 மீட்டர். அந்தத் தாளை மேசைமேல் விரித்து, அளவுகோலை இடது கையால் பிடித்து நானே அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

பராமரிப்பு பற்றிய என் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியதை ஊரே பார்த்தது. உப்புக்காற்றும் அலையும் உள்ள இடத்தில் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. பழுதானால் எத்தனை நாளில், யார், எந்த நிதியிலிருந்து சரிசெய்வார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அதைக் கேட்டு, அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதல் மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். பதில் கடிதத்தின் உறையைத் தேதி முத்திரையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.