ராஜ் வீடியோ விஷன் வாடகைக் கேசட்டுகள்: இதுவரை சேர்ந்தவை

1994இல் ராஜ் டிவி தொடங்கப்படுவதற்கு முன்பே அதன் உரிமையாளர்கள் ராஜ் வீடியோ விஷன் என்ற பெயரில் தமிழ்ப் படங்களை வி.எச்.எஸ். கேசட்டுகளாக வெளியிட்டு வந்தார்கள். அந்த வெளியீடுகளில் வாடகைக் கடைகளில் புழங்கிய பிரதிகளை மட்டுமே நான் சேர்த்து வருகிறேன். உறை பிரிக்காத கேசட்டைவிட, கடையின் முத்திரையும் வரிசை எண்ணும் தாங்கிய கேசட்டே எனக்குப் பெரிது. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் கேசட் ஓட்டும் கருவியான டெக்கை வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் படம் பார்த்த காலத்துக்கு அந்த முத்திரைதான் நேரடிச் சாட்சி.

கோவை உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் அவ்வப்போது ஒன்றிரண்டு கிடைத்தாலும், நல்ல வரவு கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்தது. மூடிப்போன கடை ஒன்றின் உரிமையாளர் வீட்டு அட்டாலியில் ஒரு மூட்டை இருந்தது. "ஏனுங் தம்பி, ஓட்டறதுக்கு டெக்கே இல்லாத காலத்துல இதைய வெச்சுட்டு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் இறக்கிக் கொடுத்தார். அவற்றில் ஒன்றின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எண், அதன்கீழ் ஊதா மையில் கடை முத்திரை, மூடியின் மேல் 'ரீவைண்ட் செய்து தரவும்' என்று கையால் எழுதி ஒட்டிய சீட்டு என எல்லாம் அழியாமல் இருக்கின்றன. ஒட்டிய சீட்டுகளை நான் எக்காரணம் கொண்டும் உரிப்பதில்லை.

உண்மையான வெளியீடா, கள்ளப் பிரதியா என்பதை அறியச் சட்டமே உதவுகிறது. 1984ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, தணிக்கைச் சான்றிதழின் நகலும், வீடியோவைத் தயாரித்தவர், பதிப்புரிமை உடையவர் ஆகியோரின் பெயர் முகவரிகளும் கேசட்டின் மேலும், ஓடும்போது திரையிலும் இருக்க வேண்டும். உறை தொலைந்துபோன கேசட்டுகளில் படத்தின் தொடக்கத்தில் வரும் அந்த எழுத்துகளையே நம்புகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கேசட்டுகளில் பூஞ்சை குறைவு. மலையடிவார ஊர்களிலிருந்து வருபவற்றைத்தான் வெளிச்சத்தில் பிடித்து, சுருளின் விளிம்பில் வெண்பொடி படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. படர்ந்திருந்தால் அடியிலுள்ள 5 திருகுகளைக் கழற்றி, நாடாவைத் துடைத்துச் சுத்தமான வேறொரு கூட்டுக்கு மாற்றிய பிறகே ஓட்டுகிறேன். நாடாவிலுள்ள பதிவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் பூஞ்சை ஒட்டிக்கொண்டால் அடுத்த கேசட்டுக்கும் பரவிவிடும். முத்திரையுள்ள பழைய கூட்டைத் தனியே பத்திரப்படுத்துகிறேன்.

தேய்மானத்திலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வசனக் காட்சிகள் தெளிவாக ஓடும் கேசட்டில்கூடப் பாட்டு வந்ததும் வெண்கீற்றுகள் தோன்றுகின்றன. இந்தியாவில் வழங்கிய PAL என்ற வீடியோ முறையில், ஹெட் பொருத்திய உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. ஒரு காட்சியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் நாடா நகராமல் அதே இடத்தையே ஹெட் உரசிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப ஓட்டியும் நிறுத்தியும் பார்த்த பாட்டுகள் அப்படித்தான் காந்தப் பூச்சை இழந்திருக்க வேண்டும். எனவே எந்தக் கேசட்டையும் முதல்முறை ஓட்டும்போதே கணினியில் பதிவுசெய்துவிடுகிறேன்.

கோபி மூட்டையில் பாதிக்குமேல் பதிவாகிவிட்டது. அடுத்து, கரூர்ப் பக்கம் மூடிய கடைகளின் முகவரிகளைக் கேசட் முத்திரைகளிலிருந்தே குறித்து வைத்திருக்கிறேன். தைக்குள் அவற்றைத் தேடிப் போகவிருக்கிறேன்.