லீவு இல்லை

2022 ஆடியில் பொங்கலூர்ப் பக்கம் மாமாவின் தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு ஊருக்கு வந்த முதல் பயணம். போதும் போதும் என்றாலும் அத்தை நெய் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். வெளியே ஆடிக்காற்று தென்னையைப் பிடித்து உலுக்கியது. மாமா கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி வாய்க்கால் மேட்டைப் பார்த்தார்.

“வெங்காயத்துல களை ஏறிக் கெடக்குது கண்ணு. ஒரு ஆளு வரமாட்டீங்குது. அங்க பாரு, நூறு நாள் வேலைன்னு வேப்பமரத்தடியில எத்தன பேருன்னு. சும்மா உக்கார வெச்சுக் காசு குடுத்தா எவன் காட்டு வேலைக்கு வருவான்?”

கொங்கு நாட்டில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு டீக்கடையைத் தாண்ட முடியாது. மாமா யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. இதே பேச்சை 2010-இல் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன், அமெரிக்க செனட் சபையில் பேசியவர்களின் வாயால். அன்று சும்மா உட்கார்ந்து காசு வாங்கியவர்களில் நானும் ஒருவன். மாமாவுக்கு அது தெரியாது.

நியூஜெர்சியில் எடிசனுக்கு நான் போனது 2000-இல். இப்போது அதுதான் என் ஊர் என்று யார் கேட்டாலும் சொல்வேன். பனி கொட்டுமுன் வாசலுக்கு உப்பு வாங்கி வைக்கத் தெரியும். ஓக் ட்ரீ ரோட்டில் எந்தக் கடையில் என்றைக்கு முருங்கைக்காய் புதிதாக வரும் என்று தெரியும். ஆனால் ஜூலை பிறந்துவிட்டால், ஓர் இலை அசையாத அந்தப் புழுக்கத்தில் படுத்துக்கொண்டு ஆடிக்காற்றுக்குக் காதைக் கொடுத்துக் கிடப்பேன். மண் வந்து கதவில் அடிக்கும், “கதவச் சாத்துங்கடா” என்று அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், சத்தம் போடுவார்கள். தூங்கிப்போகும் வரைக்கும் அந்தச் சாளையில்தான் இருப்பேன்.

2009 டிசம்பர் முதல் வாரத்தில் எனக்கு வேலை போனது. அந்த அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டிருந்தது. எங்கள் பிரிவில் பாதிப் பேரை ஒரே காலையில் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருடம் கிரீன் கார்டு வந்திருந்தது. அது எவ்வளவு பெரிய காவல் என்று அன்றுதான் புரிந்தது. கூட வேலை பார்த்த ஈரோட்டு நண்பர் எச்-1பி விசாக்காரர். வேலை போனபின் நாட்டில் தங்க இன்றைக்கு இருக்கிற 60 நாள் அவகாசமெல்லாம் 2017-இல் வந்தது, அன்று கிடையாது. மூன்றே வாரத்தில் கட்டிலையும் காரையும் விற்றுவிட்டுக் குழந்தைகளோடு கிளம்பிவிட்டார்.

வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகைக்கு எழுதிப்போட முதலில் நான் மறுத்தேன். ‘சும்மா இருக்கறான்’ என்பதை விடப் பெரிய வசவு எங்கள் பக்கத்தில் கிடையாது. அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சி, காய்ச்சலில் கிடந்தபோதும் திண்ணையில் கயிறு திரித்தவர். அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு அரசாங்கத்திடம் கை நீட்டுவதா என்று இருந்தது. என் மனைவிதான் பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். அது காப்பீடு. முதலாளிகள் கட்டும் வரியில் நடப்பது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் பிடிக்கிற மாநிலங்கள் மூன்றுதான்: அலாஸ்கா, பென்சில்வேனியா, எங்கள் நியூஜெர்சி. “ஒம்பது வருசமா உங்க காசையும் பிடிச்சிருக்கறாங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டறோம், இடிச்சா வாங்கறதில்லையா?” என்றாள். சரி என்று எழுதிப்போட்டேன்.

வாராவாரம் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் வேலை செய்தாயா, வேலை தேடினாயா, வேலை கிடைத்தால் உடனே போகத் தயாராக, ஊரிலேயே இருந்தாயா. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் பழைய வாரச் சம்பளத்தில் 60 சதவீதம், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள், கணக்கில் வந்து விழும். மாநிலம் தருவது 26 வாரம். அப்புறம் மத்திய அரசு கைகொடுக்கும். 2008-இல் புஷ் காலத்தில் தொடங்கிய அந்த நீட்டிப்பு, படிப்படியாகக் கூடி, நிலைமை மோசமான மாநிலங்களில் மொத்தம் 99 வாரம் வரை போயிருந்தது. ஆனால் அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை செனட் புதுப்பித்தாக வேண்டும். அந்தப் புதுப்பித்தலில்தான் சண்டை.

பிப்ரவரிக் கடைசியில் கென்டக்கியின் ஜிம் பன்னிங் என்ற செனட்டர் எழுந்து, இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் சம்மதிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். எல்லோரும் ஒப்பினால்தான் விவாதமில்லாமல் சட்டென்று நிறைவேற்ற முடியும். ஒருவர் மறுத்தால் போதும், நின்றுபோகும். “ஒரே ஆளு மறிக்க முடியுமா?” என்று மனைவி கேட்டாள். ஊர்க்கூட்டத்தில் ஒரு பங்காளி ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தால் மாரியம்மன் நோம்பியே நின்றுபோவதைப் பார்த்தவள்தான். இருந்தாலும் இவ்வளவு பெரிய நாட்டில் அப்படி நடக்கும் என்று அவளால் நம்ப முடியவில்லை. மார்ச் 2-ஆம் தேதி 78-க்கு 19 என்று நிறைவேறியது. அதற்குள் மெகா சீரியலில் வருகிறவர்களைப் போல செனட்டர்களின் பெயர்கள் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டன.

ஜூன் 2-ஆம் தேதியோடு நீட்டிப்பு மறுபடி காலாவதியானது. என்னுடைய 26 வாரம் முடிந்ததும் அதே வாரம். அடுத்த கட்டத்துக்குள் போக முடியாமல் கதவு சாத்தப்பட்டது. ஜூலை நடுவில் அப்படி வெளியே நின்றவர்கள் 25 லட்சம் பேர்.

கதவு சாத்திக் கிடந்த ஏழு வாரமும் நான் செனட்டை நேரடியாகக் காட்டும் சி-ஸ்பான் சேனலைப் பார்த்தேன். காலையில் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு அதன் முன்னால் உட்காருவேன். முக்கால்வாசி நேரம் சபை காலியாக இருக்கும். பெயர் கூப்பிடுகிற சடங்கு நடக்க, பின்னணியில் வயலின் வாசிப்பார்கள். வாடகைக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டு அந்த வயலினைக் கேட்டிருக்கிறேன். இன்றும் எங்காவது அந்த இசை கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

குடியரசுக் கட்சியினர் சொன்னதில் ஒரு பாதியை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. 34 பில்லியன் டாலர், அதுவும் கடன் வாங்கி. பொருளாதார ஊக்கத்தொகைச் சட்டத்தில் செலவாகாமல் கிடக்கும் பணத்தை எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். அது கணக்குப் பேச்சு, அதை மறுத்துப் பேசலாம். இப்படிப்பட்ட நெருக்கடியில் முன்பெல்லாம் இரண்டு கட்சிகளும் ஈடு தேடாமல்தான் நீட்டித்திருக்கின்றன. கையில் விழுந்த உடனே வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடுகிற பணம் இது, அதனால் பொருளாதாரத்தைத் தூக்கிவிடுவதில் இதற்கு நல்ல பலன் உண்டு என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே சொல்லியிருந்தது.

என்னைக் குத்தியது மற்றப் பாதி. இந்தக் காசு கொடுக்கக் கொடுக்க வேலை தேடுகிற ஆர்வம் குறையும் என்று அரிசோனாவின் செனட்டர் ஜான் கைல் மார்ச்சில் சபையிலேயே பேசினார். காசு வந்துகொண்டிருந்தால் சிலர் கொஞ்ச நாள் கூடுதலாகத் தேடுவார்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று ஒரு காலியிடத்துக்கு ஐந்து பேர் நின்றோம். ஐந்து பேரும் எவ்வளவுதான் அலைந்தாலும் நான்கு பேர் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அந்த நான்கு பேரையும் பார்த்துச் சோம்பேறி என்பது எந்த ஊர் நியாயம்? நான் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை பார்த்தவன்.

ஜூன் கடைசி வாரம் ஒரு விடிகாலையில் அம்மா கூப்பிட்டார். அம்மிச்சி போய்விட்டார்கள்.

டிக்கெட்டுக்குக் காசில்லை. கடன் வாங்கிப் போயிருக்கலாம். ஆனால் நாட்டை விட்டுப் போனால் ‘வேலைக்குத் தயாராக இருந்தாயா’ என்ற கேள்விக்கு இல்லை என்று எழுத வேண்டும், அந்த வாரங்கள் போய்விடும். காசு வராவிட்டாலும் வாராவாரம் பதில் சொல்லிக்கொண்டே இருங்கள், சட்டம் நிறைவேறினால் விட்டுப்போனதெல்லாம் சேர்ந்து வரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேலை போனதை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மாமா போனில் வந்தார். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன்மார் எல்லோரும் வந்தாச்சு, நீ எப்பக் கண்ணு என்றார்.

“லீவு கிடைக்கலீங்க மாமா.”

வாழ்க்கையில் அவ்வளவு லீவு எனக்கு இருந்ததே இல்லை.

அதே ஜூன் 28-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் 92 வயதில் இறந்தார். அவர் ஓட்டும் இல்லாமல் போக, மசோதா மறுபடி நின்றது. ஜூலை 20-ஆம் தேதி அவர் இடத்துக்குக் கார்ட் குட்வின் என்ற 36 வயதுக்காரர் பதவியேற்றார். சில நிமிடங்களில் ஓட்டு, 60-க்கு 40. மெய்ன் மாநிலத்தின் இரண்டு குடியரசுக் கட்சிப் பெண் செனட்டர்கள் ஆதரித்ததால்தான் விவாதத்தை முடிக்கத் தேவையான அந்த 60 சேர்ந்தது. இரண்டு நாளில் ஒபாமா கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டில் ஏழு வாரக் காசும் மொத்தமாக வந்தது. ஊருக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கலாம். அதற்குள் அம்மிச்சிக்குக் காரியமெல்லாம் முடிந்திருந்தது. 99 வாரத்தையும் முடித்துவிட்டவர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு வாரம்கூடக் கூட்டித் தரவில்லை.

அக்டோபரில் எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த ஜனவரி 28-ஆம் தேதி, நொய்யலில் சாயக்கழிவு கலப்பதால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளைப் பார்த்த யாரும் அந்த உத்தரவைத் தவறென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சின்ன அத்தை மகனுக்கு அந்தச் சனிக்கிழமையோடு சம்பளம் நின்றது. ஈஎஸ்ஐ-யில் வேலையிழந்தவர்களுக்கென்று 2005 முதல் ஒரு தொகை உண்டு. அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. “அங்கெல்லாம் வேல போனா கவருமெண்டே குடுக்குதாமா மாப்ளே?” என்று போனில் கேட்டான். ஆமாம், நானே வாங்கினேன் என்றேன். ஊரில் நான் சொன்னது அவனிடம் மட்டும்தான். அவன் சிரிக்கவில்லை. எத்தனை வாரம், எவ்வளவு என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, “அது இருந்தா இந்த எக்ஸெல் வண்டிய விக்க வேண்டியிருக்காது” என்றான்.

2021-இலும் அமெரிக்காவில் இதே சண்டை நடந்தது. கொரோனாவுக்காக வாரம் 300 டாலர் கூடுதலாகக் கொடுத்ததைப் பாதி மாநிலங்கள், ஹோட்டல் வேலைக்கு ஆள் வரவில்லை என்று சொல்லி, செப்டம்பர் கெடுவுக்கு முன்பே நிறுத்தின. அப்போதும் நான் ஊருக்குப் போன் பேசும்போது அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாளையில் மாமா இன்னும் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர் அம்மிச்சி காலத்தில் இதே தோட்டத்தில் களையெடுத்தவர்கள். அந்த வருடம் நூறு நாள் வேலைக்குக் கூலி 281 ரூபாய்.

“நானும் வாங்கியிருக்கறனுங்க மாமா,” என்றேன். “வேலையில்லாம, வீட்டுல இருந்துக்கிட்டு. பத்து மாசம்.”

மாமா திரும்பினார். “எப்ப?”

“அம்மிச்சி போன வருசம்.”

அவர் என்னையே பார்த்தார். உள்ளே அத்தை பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“அப்ப லீவு இருந்துச்சா கண்ணு?”

“இருந்துச்சுங்க மாமா.”

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “உனக்குன்னு ஒரு பந்தம் சுத்தி வெச்சிருந்தோம்,” என்றார். “சொல்லியிருந்தீன்னா பட்டறையில சேத்து வெச்ச வெங்காயத்த வித்தாவது டிக்கெட்டுக்கு அனுப்பியிருப்பனே.”

அத்தை வெளியே வந்து தட்டைப் பார்த்தார்கள். சோறு ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் வேறு போட்டு வந்து, மறுபடி நெய் ஊற்றினார்கள்.