60 லிட்டர் தண்ணீரை எங்கே வைப்பது?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அடிலெய்டின் வடக்குப் புறநகர் ஒன்றில், தன் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டதால் இனித் தனக்குத் தேவையில்லை என்று சொன்ன ஒருவரிடமிருந்து, கரடுமுரடான பாதைகளுக்கென்று செய்யப்பட்ட சிறிய முகாம் டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். பக்கவாட்டில் பார்த்தால் நீர்த்துளியைப் படுக்க வைத்தாற்போல் இருக்கும். உள்ளே இருவர் படுக்கலாம். எழுந்து நிற்க முடியாது. பின்கதவை மேலே தூக்கினால் அதுவே கூரையாக, அதன் கீழே சமையல் மேடை. ஒற்றை அச்சு, இலைவில், மின்பிரேக், எங்கள் பழைய டொயோட்டா பிராடோவின் சக்கரங்களே பொருந்தும்படியான ஆறு போல்ட் ஹப். முன்பக்கத் தகட்டில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன: வெறும் எடை 560 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,000 கிலோ. இடையிலுள்ள 440 கிலோவும் நம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளக் கிடைத்த இடம் என்று அன்று எண்ணினேன்.

முதல் ஆறு மாதங்களில் நான் செய்ததெல்லாம் சேர்த்தல்தான். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் சமையல் மேடைக்கு நேர் கீழே, குழாயின் நீளம் குறையும் என்ற ஒரே காரணத்துக்காக, அச்சுக்குப் பின்னால் பொருத்தினேன். மாற்றுச் சக்கரத்தைப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் மாட்டினேன். பார்ப்பதற்கு அதுவே கம்பீரமாக இருந்தது. அழுத்தப்பட்ட மரத்தூள் பலகையில் இழுப்பறைகளும் அலமாரியும் செய்து பின்பகுதியை நிறைத்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமான முடிவுதான். அவை அனைத்தும் அச்சுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை.

அதை எனக்கு உணர்த்தியது போர்ட் வேக்ஃபீல்டுக்கு வடக்கே போர்ட் அகஸ்டாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தோம். மேற்கிலிருந்து பக்கக்காற்று. நீண்ட லாரி ஒன்று எங்களைத் தாண்டியபோது முதலில் அதன் காற்று டிரெய்லரைத் தள்ளியது, பிறகு தன் பக்கம் இழுத்தது. அடுத்த கணம் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஆட்டம் ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடியது. பிரேக்கை அழுத்தவே கால் துடிக்கும், ஆனால் அப்போது காரின் பிரேக்கைப் பிடிப்பது நிலைமையை மோசமாக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாக இயக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எப்போதோ படித்திருந்தது அன்று கைக்கு வந்தது. சாலையோரம் நிறுத்தியபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "இதை எடை போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டிருக்கவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பொது எடைமேடைக்குக் கொண்டு போனேன். காரிலிருந்து கழற்றி, டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சிறு முன்சக்கரமும் மேடையின்மேல் இருக்கும்படி நிறுத்தி எடுத்த எடை 930 கிலோ. சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. காரின் பின்னாலுள்ள இணைப்புக் குமிழின்மேல் டிரெய்லரின் மூக்கு எவ்வளவு அழுத்துகிறது என்பதை வீட்டிலேயே பார்த்தேன். குளியலறை எடைக்கருவியின்மேல், இணைப்பின் உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் மூக்கை இறக்கினால் போதும். 46 கிலோ காட்டியது. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குமிழின்மேல் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் இழுப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. என்னுடையதில் ஐந்து விழுக்காடுகூட இல்லை.

இதற்குத் தேவைப்படும் கணிதம் பள்ளியில் படித்த நெம்புகோல் கணிதம்தான். அச்சு ஒரு தாங்குபுள்ளி. அச்சிலிருந்து குமிழ்வரை என் டிரெய்லரில் 2.8 மீட்டர். தொட்டி அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் இருந்தது. அதை அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னால் கொண்டுவந்தால் 1.3 மீட்டர் நகர்வு. 60 கிலோவை 1.3-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் மூக்கின் எடை ஏறக்குறைய 28 கிலோ கூடும். மாற்றுச் சக்கரம் 30 கிலோ. அது பின்னால் 1.3 மீட்டரிலிருந்து முன்னால், டிரெய்லரைக் காரோடு இணைக்கும் இழுசட்டத்தின்மேல் 1.5 மீட்டருக்கு வந்தால் நகர்வு 2.8 மீட்டர், அதாவது முழு 30 கிலோவும் அப்படியே குமிழுக்கு வந்து சேரும். ஒரு கிலோகூடப் புதிதாகச் சேர்க்காமல் 46 என்பது 104 ஆகிறது. தாளில் இதைப் போட்டுப் பார்த்த இரவில், ஆறு மாத வேலையைப் பிரிக்கப் போகிறோமே என்ற வருத்தத்தைவிட, இதை முதலிலேயே போட்டுப் பார்க்கவில்லையே என்ற வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

தொட்டியை இன்னும் முன்னால், இழுசட்டத்துக்கே கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்கலாம். தண்ணீர் தீர்ந்துகொண்டே போகும் சுமை என்பதுதான் காரணம். அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னால் இருக்கும் தொட்டி முழுவதும் காலியானாலும் மூக்கில் குறைவது ஏறக்குறைய 9 கிலோதான். அதே தொட்டி 1.5 மீட்டர் முன்னால் இருந்தால் 32 கிலோ குறையும். புறப்படும்போது சரியாக இருந்த டிரெய்லர் நான்காம் நாள் வேறொரு டிரெய்லராக மாறிவிடும். ஆகவே தீரக்கூடியவை அச்சுக்கு அருகிலும் தீராதவை தேவைக்கேற்ப முன்னாலும் என்று வைத்துக்கொண்டேன். சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றியது முழுமையான தீர்வு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊஞ்சலாட்டத்துக்கு எதிராக நிற்பதில் மூக்கின் எடைக்குப் பங்கு இருப்பதுபோலவே, கனமானவை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதற்கும் பங்கு உண்டு. அந்தத் தூரத்தின் வர்க்கத்தோடு ஆட்டத்தின் பிடிவாதம் வளரும். சக்கரத்தைத் தரைத்தளத்தின் அடியில் வைப்பதே சரியான இடம். ஆனால் அப்படி வைத்தால் கற்களுக்கு மேலே கிடைக்கும் இடைவெளி போய்விடும். சமரசம் செய்துகொண்டேன். தாங்கியை இழுசட்டத்தில் துளையிட்டு மாட்டாமல், யு வடிவ போல்ட்டுகளால் இறுக்கினேன். முழு டிரெய்லரும் தொங்கிக்கொண்டிருக்கும் கம்பியில் துளையிட எனக்குத் துணிவில்லை.

மரத்தூள் பலகை அலமாரியைத் தூக்கி எறிந்தது இரண்டாவது வேலை. அதற்குப் பதிலாக 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில், கதவுகளே இல்லாமல், துணி மூடிகளோடு செய்ததில் 22 கிலோ குறைந்தது. எங்கள் சமையலுக்கு ஏற்றபடி மேடையை மாற்றியதும் அப்போதுதான். கடைகளில் விற்கும் இழுப்பு அடுப்புகள் இறைச்சித் துண்டையும் முட்டையையும் நினைத்துச் செய்யப்பட்டவை. இரு பக்கக் காற்றுத்தடுப்புகளுக்கு இடையில் 30 சென்டிமீட்டர் தோசைக்கல் உட்காராது. தடுப்புகளைக் கழற்றி, அரை அடி தள்ளி மடக்குத் தகடுகளாக மாற்றினேன். பிரஷர் குக்கர் கனமான பொருள்தான், ஆனால் பருப்பு வேகக் குடிக்கும் கேஸைக் கணக்கிட்டால் அது தன் எடைக்கான கூலியைக் கொடுத்துவிடுகிறது. கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் முதல் விசில் அடித்தபோது அடுத்த கூடாரத்துப் பெரியவர் ஓடிவந்து, ஏதோ வெடிக்கப் போகிறதா என்று கேட்டார். பிறகு சாம்பாரும் கேட்டார்.

மின்சாரத்தில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி தேவை. 160 வாட் சூரியத் தகடு தெளிந்த வானத்தில் அதை ஈடுகட்டிவிடும். மேகமூட்டமான நாட்களில் கார் ஓடும்போது டிசி-டிசி சார்ஜர் (கார் மின்சாரத்தை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்ற மின்னழுத்தத்துக்கு மாற்றித் தரும் கருவி) வழியாக 25 ஆம்பியர் வர வேண்டும். வரவில்லை. கடையில் "6 மில்லிமீட்டர்" என்று கேட்டு வாங்கிய வயர்தான் காரணம். இந்நாட்டு வாகன வயர்களில் அந்த 6 என்பது காப்புறையையும் சேர்த்த குறுக்களவு. உள்ளே இருக்கும் செம்பின் பரப்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். கார் பேட்டரியிலிருந்து டிரெய்லர்வரை போய்வரும் 14 மீட்டரில், 25 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 1.3 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 13.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தபின் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே போயிற்று. இரு முனைகளிலும் பேட்டரி இருப்பதால் இரு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும். ஒன்று போதும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

28 கிலோ ஈய பேட்டரியை மாற்றி 12 கிலோ லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வைத்தேன். இழுசட்டத்தின்மேல் உள்ள கருவிப்பெட்டியில், படுக்கும் இடத்திலிருந்து முழுவதும் பிரிந்து, அது இருக்கிறது. முன்னாலிருந்து 16 கிலோ போனதால் மூக்கில் ஏறக்குறைய 9 கிலோ குறையும். பின்னாலிருந்து அலமாரி போனதால் ஏறக்குறைய அதே 9 கிலோ கூடும். திட்டமிட்டுச் செய்தது போலத் தோன்றும், ஆனால் தற்செயல். ஜூலை மாதத்து ஃபிளிண்டர்ஸ் மலை இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது, இந்த வகை பேட்டரியின் காப்புச் சுற்று சார்ஜ் ஏற விடாது. காலை வெயில் பெட்டியைச் சூடாக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை காபி குடிக்கலாம்.

இவ்வளவையும் சோதித்தது சென்ற குளிர்காலத்தில் போன ஊட்னடாட்டா பாதை. மாரீயிலிருந்து மார்லாவரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண்ணும் சரளையுமாக, 1980-இல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில் தடத்தை ஒட்டியே பெரும்பாலும் செல்கிறது. பாதைக்கு வடக்கே ஐர் ஏரியின் தென்பகுதி உப்பாக வெளுத்துக் கிடக்கும். தகரக் கூரையைத் தரையில் விரித்தாற்போல் வரிவரியாக நெளிந்த பரப்பு. அதன்மேல் மணிக்கணக்கில் ஓடும்போது, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு திருகையும் பொறுமையாகக் கழற்றிக்கொண்டிருப்பது போலத்தான் நடக்கும். தானாகத் துளைத்துக்கொண்டு போகும் திருகுகளால் மெல்லிய இரும்பில் நான் இறுக்கியிருந்த அனைத்தும் வில்லியம் கிரீக் போய்ச் சேர்வதற்குள் தளர்ந்தன. நைலான் வளையம் வைத்த நட்டுகள் ஒன்றுகூட அசையவில்லை. டயரின் காற்றை 25 பிஎஸ்ஐ ஆகக் குறைத்த பிறகு அதிர்வு கண்கூடாகத் தணிந்தது. விலை உயர்ந்த சஸ்பென்ஷனுக்கு மாறுவதற்கு முன் எவரும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். செலவில்லை.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று உரசி, உட்புறமெல்லாம் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தது. அலுமினியப் பான டின்கள் இரண்டு உரசி ஓட்டையாகிக் காலியாகவே கிடைத்தன. இப்போது எல்லாவற்றுக்கும் இடையே பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் செருகுகிறோம்.

தூசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ரப்பர் பட்டையை இரட்டையாக ஒட்டியும் பின்கதவு வழியாகச் செம்மண் மாவு போல உள்ளே வந்து அரிசி டப்பாவின் மூடிவரை படிந்தது. ஓடும் டிரெய்லரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, அங்கே சுழலும் தூசி எந்தச் சிறு இடுக்கு வழியாகவும் உறிஞ்சப்படுகிறது. அடைத்துக்கொண்டே போவதால் இது தீராது. உள்ளே வெளியைவிடச் சற்று அதிகமான அழுத்தத்தை உண்டாக்க வேண்டும். கூரையின் முன்பகுதியில், முன்நோக்கித் திறக்கும் சிறு காற்றுவாய் ஒன்றை வடிகட்டியோடு பொருத்தினேன். வண்டி ஓடும்போது அது உள்ளே காற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேறுகிறதே தவிர உள்ளே வருவதில்லை. அடுத்த பயணத்தில் அரிசி டப்பா சுத்தமாக இருந்தது, வடிகட்டி செங்கல் நிறமாக இருந்தது.

சென்ற வாரம் மறுபடியும் எடைமேடைக்குப் போனேன். மொத்தம் 890 கிலோ, மூக்கில் 103. அதே நெடுஞ்சாலையில், அதே வேகத்தில், லாரிகள் தாண்டும்போது காரும் டிரெய்லரும் ஒன்றாகவே சற்று நகர்ந்து ஒன்றாகவே திரும்புகின்றன. மீதமுள்ள 110 கிலோவில் மடக்குக் கூரை ஒன்றைப் பொருத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 25 கிலோ வரும், அதுவும் உச்சியில் ஒரு பக்கமாக. பின்விளக்குத் தாங்கியில் விட்டிருக்கும் மயிரிழை விரிசலை ஒட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.