வெளுத்துப்போன ஃபைபர் படகுக்கு மீண்டும் மெருகேற்றுதல்

கண்மாய்க் கரையில் கிடக்கும் பழைய ஃபைபர் படகின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தால் கையெல்லாம் வெளிர் நீலப் பொடி அப்பிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் பெயிண்ட் உதிர்கிறது என்பார்கள். ஆனால் இத்தகைய படகுகள் பலவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பதே இல்லை. அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் எனப்படும் நிறம் கலந்த பாலியெஸ்டர் பூச்சைப் பூசி, அது இறுகியபின் அதன்மேல் கண்ணாடி இழை விரிப்பையும், அதை ஒட்டி இறுகவைக்கும் பிசினான ரெசினையும் அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். அச்சிலிருந்து கழற்றும்போது அந்த ஜெல்கோட்டே படகின் வெளித்தோலாக நிற்கும். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். மெருகேற்றும் வேலை முழுவதும் இந்த அரை மில்லிமீட்டருக்குள் நடக்கிறது என்பதால், எவ்வளவு பளபளப்பு வந்தது என்பதைவிட எவ்வளவு ஜெல்கோட்டை மிச்சம் வைத்தோம் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்த படகு, என் மைத்துனர் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் மீன்பாசிக் குத்தகைக்காகக் கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிவந்த பழைய படகு. உப்புக்காற்றை விட்டு வந்துவிட்டதால் இனிமேல் அதற்குக் கேடில்லை என்று அவர் நம்பியிருந்தார். ஜெல்கோட்டைப் பொடியாக்குவதில் உப்பைவிட வெயிலுக்குத்தான் பங்கு அதிகம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் இருக்கும் பாலியெஸ்டரின் பிணைப்புகளை அறுக்கின்றன. பிடிமானம் இழந்த நிறமித் துகள்கள் சுண்ணாம்புபோல வெளியே வந்து நிற்கின்றன. அடர் நீலமும் சிவப்பும் வெளுப்பது வெள்ளையைவிடச் சீக்கிரம் கண்ணில் படும். நம் பக்கத்துக் கண்மாய்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிறையும் தண்ணீர் பங்குனி, சித்திரைக்குள் அடியில் போய்விடுவதால், ஆண்டின் மிகக் கடுமையான வெயில் நாட்களில்தான் படகு கரையேறி வெட்டவெளியில் கிடக்கிறது. கடலோரத்தில் தினமும் தொழிலுக்குப் போகும் படகு படாத பாட்டை இங்கே சும்மா கிடக்கும் படகு படுகிறது.

"எதுக்கு மச்சான் இவ்வளவு மெனக்கெடணும், ஒரு கோட் பெயிண்ட் அடிச்சு விட்டுருவோம்" என்றார் மைத்துனர். "பெயிண்ட் எங்கயும் ஓடிறாது மாப்ள, மொதல்ல ஈரத்துணிய வச்சுத் தொடச்சுப் பாரு" என்றேன். துடைத்த இடத்தில் பழைய ஆழ்நீலம் பளிச்சென்று தெரிந்தது. காய்ந்ததும் மறுபடி வெளுத்தது. மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பும்போது ஒளி சிதறுவது குறைந்து உண்மையான நிறம் தெரிகிறது என்பதே இதற்குக் காரணம். நனைத்தால் நிறம் திரும்புகிறதென்றால் கெட்டிருப்பது மேல்தோல் மட்டும்தான், தேய்த்து எடுத்துவிடலாம் என்று பொருள். நனைத்தும் திட்டுத் திட்டாக வெளுப்பே தெரிந்தாலோ, உள்ளிருக்கும் இழைகளின் கோலம் எட்டிப் பார்த்தாலோ, அங்கே தேய்ப்பதற்கு ஒன்றும் மீதமில்லை. தேங்காய் எண்ணெயோ டீசலோ தடவிப் பளபளப்புக் காட்டி விற்பவர்களும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறார்கள். ஆகவே பழைய படகு வாங்கப் போகிறவர்கள் சோப்புத் தண்ணீரில் ஒரு பக்கத்தையாவது கழுவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

கழுவுவதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மட்டும் கொண்டுபோகக் கூடாது. போல்ட்டுகளுக்குக் கீழே வழிந்திருக்கும் துருக்கறையைத் தேய்த்து எடுக்க முயன்றால் ஜெல்கோட்தான் வீணாகும். தண்ணீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலத்தைக் கையுறையோடு தடவிச் சற்றுநேரம் விட்டுக் கழுவினால் கறை தானாகக் கரைந்துவிடும். அமிலத்தைத் தொட்ட கையோடு பிளீச்சிங் பவுடரின் பக்கம் போகக் கூடாது; இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பழைய மெழுகோ எண்ணெயோ இருந்தால் தின்னரோ அசிட்டோனோ நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த பிசுக்கை அடுத்த இடத்தில் பூசியதாகவே முடியும்.

இனி வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூட அது நைசாக இருக்கும். இலேசான வெளுப்புக்கு இது தேவையே இல்லை, நைசாகத் தேய்த்தெடுக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்டே போதும். இந்தப் படகின் நிலை அதைத் தாண்டிவிட்டது. எந்த நம்பர் பேப்பரில் தொடங்குவது என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிடப் படகிடம் கேட்பது உத்தமம்: மறைவான ஓர் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு முதலில் 1000-ஐப் போட்டுப் பார்த்து, பொடி முழுவதும் போகாவிட்டால் மட்டும் 800-க்கும், அதுவும் பலிக்காவிட்டால் 600-க்கும் இறங்க வேண்டும். வாகனப் பட்டறைப் பழக்கத்தில் எடுத்த எடுப்பிலேயே 220-ஐ எடுப்பவர்கள், பின்னால் அந்தக் கீறல்களைப் போக்குவதற்காகவே பாதி ஜெல்கோட்டைச் செலவழிக்க வேண்டியிருக்கும். ரப்பர் கட்டையில் பேப்பரைச் சுற்றி, சொட்டுச் சோப்பு விட்ட தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கும்போது முதலில் நீலப் பால்போல ஒரு கரைசல் வழியும். அதை வழித்துவிட்டுப் பார்த்தால் மேற்பரப்பு ஒரே சீரான மங்கலாகத் தெரிய வேண்டும், நடுவில் பளபளப்பான புள்ளிகள் இருந்தால் அவை பேப்பர் தொடாத பள்ளங்கள். ஒரு நம்பரை நெடுக்கில் தேய்த்தால் அடுத்த நம்பரைக் குறுக்கில் தேய்ப்பது நல்ல வழக்கம். முந்தைய பேப்பரின் கீறல் எஞ்சியிருந்தால் எதிர்த்திசையில் அது தனியாகக் காட்டிக்கொடுக்கும். 1000, 1500, 2000 என்று ஏறும்போது எதையும் தாண்டிச் செல்லாமல் இருப்பதுதான் பொறுமைக்குச் சோதனை. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் ஜெல்கோட் இயல்பாகவே மெலிந்திருப்பதால் அங்கே கட்டையை வைக்காமல் விரலால் இரண்டு இழுப்போடு நிறுத்திக்கொண்டேன். நீலம் மறைந்து பழுப்பும் பச்சையும் கலந்த ரெசின் நிறம் தென்பட்டால் அந்த இடத்தில் ஜெல்கோட் தீர்ந்துவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அடுத்து காம்பவுண்ட் போட்டு பஃப் அடிக்க வேண்டும், அதாவது எந்திரத்தில் சுழலும் மெத்தென்ற வட்டத்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். கல் அறுக்கும் நாலு அங்குல கிரைண்டரில் பஞ்சை மாட்டி அடிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, ஜெல்கோட்டைக் கருக்கிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பாலிஷரில் 1200 முதல் 1800 சுற்றுக்குள் கம்பளிப் பஃபை ஓட்டுவதே சரி. இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, காம்பவுண்டைக் கொஞ்சமாகத் தடவி, எந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தாங்கவில்லையென்றால் வேறிடத்துக்குப் போய்விட வேண்டும். மதுரை வெயிலில் படகின் உடம்பே முற்பகலுக்குள் கொதித்துவிடுவதால், காம்பவுண்ட் வேலை செய்வதற்குமுன் காய்ந்து கட்டியாகிவிடும். புளியமர நிழலில், விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை மட்டும் வேலை பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

கரையிலும் கல்லிலும் மோதியதால் சிலந்தி வலைபோல விழுந்த வெடிப்புகளை எந்தப் பாலிஷும் மறைக்காது. வெடிப்பை V வடிவில் கீறித் திறந்து, நிறம் கலந்த ஜெல்கோட்டை நிரப்ப வேண்டும். இதை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட் என்ற திரவம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குதான். நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் கலப்பதே சிக்கனம். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரோடு அதை நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ செய்யும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது. காற்றுப் படும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால், நிரப்பியவுடன் வழவழப்பான பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி மூடினால் நன்றாக இறுகும். நிறத்தை மெருகேறிய பகுதியோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், வெளுத்த பகுதியோடு அல்ல. அப்படியிருந்தும் ஒட்டுப் போட்ட இடம் உற்றுப் பார்த்தால் தெரியத்தான் செய்யும். மீன்பிடிப் படகுக்கு அதுவே அதிகம் என்பது என் எண்ணம்.

ஜெல்கோட் முற்றிலும் தீர்ந்துபோன படகுக்குப் பெயிண்டைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் சாதாரண எனாமலை அப்படியே பூசினால் உரிந்துவரும். எபாக்ஸி பிரைமரும் இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்டும் வேண்டும், அதை ஸ்பிரே செய்யும்போது எழும் ஐசோசயனேட் ஆவி நுரையீரலைப் பதம் பார்க்கும் என்பதால், தகுந்த சுவாசக் கவசமும் அனுபவமும் உள்ளவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

பஃப் அடித்து முடித்த ஜெல்கோட் பளபளக்கும், ஆனால் பாதுகாப்பற்று நிற்கும். அதன்மேல் கார்னௌபா என்ற பனைவகை மரத்தின் மெழுகை மெல்லியதாக இரண்டு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் மங்கியதும் பருத்தித் துணியால் துடைத்தோம். காரின் டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷைத் தொடவில்லை. பிற்காலத்தில் பெயிண்ட் அடிக்க நேர்ந்தால் சிலிக்கான் இருந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். மெழுகும் நம் வெயிலில் சில மாதங்களுக்குமேல் தாங்காது. ஆகையால் தண்ணீர் வற்றிப் படகு கரையேறியவுடன் ஒருமுறையும், மழைக்குமுன் தண்ணீரில் இறக்குவதற்கு முந்தி ஒருமுறையும் பூசுவதாக வைத்திருக்கிறோம். கரையிலிருக்கும் மாதங்களுக்குக் கீற்றுக் கொட்டகை ஒன்றும் போட்டாயிற்று. மெழுகைவிட அந்தக் கொட்டகைக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும் என்பேன். தார்ப்பாயைப் படகின்மேல் ஒட்டினாற்போல் இழுத்துக் கட்டினால் அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மேலே ஒரு முழம் இடைவெளி விட்டே கூரை வேய்ந்திருக்கிறது.